ஈர மணலுக்கு ஏற்ற மெட்டல் டிடெக்டர் எது?

இராமநாதபுரம் கரையோரத்தில் பொழுதுபோக்காக நாணயமும் நகையும் தேடப் புறப்படுபவர் முன்னால் மூன்று வகைக் கருவிகள் இருக்கின்றன: ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் எளிய மெட்டல் டிடெக்டர், ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்பும் கருவி, பல்ஸ் இண்டக்‌ஷன் எனப்படும் துடிப்பு வகைக் கருவி. முதலாவதில் கை பழகி, மூன்றாவதை நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்து, இரண்டாவதை விலைக்கு வாங்கியவன் நான். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். எடை, திரை, பேட்டரி தாங்கும் நேரம் ஆகியவற்றை விற்பவரே விரிவாகச் சொல்லிவிடுவார். இந்தக் கரையில் தேர்வைத் தீர்மானிப்பது ஈர மணல்.

காரணம், இங்கே பொருள்கள் தொலைவதே அலையடிக்கும் ஓரத்தில்தான். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அக்னி தீர்த்தம், சேதுக்கரை, தேவிபட்டினம் ஆகிய இடங்களில் தர்ப்பணம் முடித்து நீராடுபவரின் மோதிரம் நழுவுவது முழங்கால் ஆழத் தண்ணீரில். அரியமான் கடற்கரையில் குழந்தையைத் தூக்கி விளையாடுபவரின் சங்கிலி அறுவதும் அங்கேதான். அதோடு, ஆண்கடலாகிய மன்னார் வளைகுடாவிலும் பெண்கடலாகிய பாக் விரிகுடாவிலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுவதால், கடல் உள்வாங்கி அகலமான மணற்பரப்பைக் காட்டும் என்று காத்திருந்து பயனில்லை. காய்ந்த மணலில் மட்டும் தேடுபவருக்குப் பெரும்பாலும் கிடைப்பவை சோடா மூடியும் அலுமினியத் தாளும்.

ஒற்றை அதிர்வெண் வகையில் கேரட் ஏஸ் 250 போன்றவை 6.5 கிலோஹெர்ட்ஸிலும், நோக்டா சிம்ப்ளெக்ஸ் போன்றவை 12 கிலோஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. தண்டின் நுனியில் உள்ள வட்டமான கம்பிச் சுருள் அனுப்பும் காந்தப்புலம் மணலுக்குள் கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்ட, அதிலிருந்து திரும்பி வரும் அலை எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதை வைத்து, கிடப்பது இரும்பா, அலுமினியமா, செம்பா, வெள்ளியா என்று கருவி ஊகிக்கிறது. ஆனால் உப்புநீரும் ஒரு மின்கடத்திதான். உப்பில் ஊறிய மணல் தரும் அலை, மெல்லிய தங்கத் தோடும் அலுமினியத் தாளும் தரும் அலைக்குப் பக்கத்திலேயே வந்து விழுகிறது. காய்ந்த மணலில் அமைதியாக இருந்த கருவி, அலை நனைத்த கோட்டைத் தாண்டியதும் ஓயாமல் பிதற்றத் தொடங்குவது இதனால்தான். உணர்திறனைக் குறைத்தால் பிதற்றல் அடங்கும், கூடவே ஆழமும் போய்விடும். உப்பை அடக்கும் விதமாகக் கருவியைச் சமன் செய்தால் மெல்லிய தங்கமும் சேர்ந்து மறைந்துவிடும். சுருளை நான்கு விரல் உயர்த்திப் பிடித்து ஒப்பேற்றுபவர்கள் உண்டு. அந்த நான்கு விரல் ஆழத்தை அவர்கள் இழந்ததாகவே கொள்ள வேண்டும்.

பல அதிர்வெண் கருவி இந்தச் சிக்கலை வேறு விதமாக அவிழ்க்கிறது. குறைந்த அதிர்வெண்ணுக்கு உப்புநீர் தரும் பதிலுக்கும் உயர்ந்த அதிர்வெண்ணுக்கு அது தரும் பதிலுக்கும் ஒரு விகிதம் உண்டு. நாணயத்தின் விகிதம் அதிலிருந்து வேறுபட்டது. இரண்டு பதில்களையும் ஒரே நேரத்தில் வாங்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றைத் தக்க அளவில் கழித்தால், உப்பின் பங்கு ஏறக்குறைய ஒழிந்து உலோகத்தின் பங்கு மிஞ்சும். நான் வாங்கியது 2018இல் சந்தைக்கு வந்த மைன்லேப் ஈக்வினாக்ஸ் வரிசையைச் சேர்ந்தது. 3 மீட்டர் ஆழம் வரை அதற்குள் தண்ணீர் புகாது. கடற்கரைக்கென்றே அதில் இரண்டு அமைப்புகள் உள்ளன. ஒன்று மணலுக்கு, மற்றொன்று தண்ணீருக்குள் தேடுவதற்கு. இரண்டாவதில் கருவி அனுப்பும் ஆற்றலைத் தானாகவே குறைத்துக்கொள்கிறது. அலை சுருளைத் தூக்கும் கணத்தில் லேசாக ஒரு முணுமுணுப்பு எழும் என்பதைத் தவிர, காய்ந்த மணலிலிருந்து இடுப்பளவுத் தண்ணீர் வரை ஒரே நடையில் போய்வர முடிகிறது. விலை கூடுதல்தான், ஆனால் அந்தக் கூடுதல் பணம் முழுவதும் இந்த ஒரு வசதிக்கே செலவாகிறது என்றால் எனக்கு அது கட்டுப்படியாகிறது.

துடிப்பு வகை உப்பை இன்னும் நேரடியாகச் சமாளிக்கிறது. அது ஒரு துடிப்பை அனுப்பி நிறுத்திவிட்டு, சில மைக்ரோ விநாடிகள் காத்திருந்து கேட்கிறது. உப்புநீரில் எழுந்த மின்னோட்டம் அதற்குள் அடங்கியிருக்கும், கெட்டியான உலோகத்தில் எழுந்தது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஆழத்தில் இதற்கு இணையில்லை. ஆனால் இரும்பை விலக்கும் வசதி, அதாவது இரும்புக்கு ஒலிக்காமல் விட்டுவிடும் அமைப்பு, இவ்வகையில் அநேகமாக இல்லை. பாம்பன், மண்டபம் போன்ற மீன்பிடி ஊர்களின் கரையில், வள்ளங்களைப் பழுது பார்த்த இடமெல்லாம் ஆணி கிடக்கையில், ஒவ்வோர் ஒலிக்கும் முழங்கை ஆழம் தோண்டுவது பொழுதுபோக்கு ஆகாது. இரவல் கருவியோடு சில மாலைகள் நடந்ததை வைத்தே இதைச் சொல்கிறேன். அதே கருவியோடு ஆண்டுக்கணக்கில் பழகியவருக்கு, ஒலியின் நீளத்தைக் கொண்டே ஆணியைத் தள்ளிவிடும் காது வாய்த்திருக்கலாம்.

மற்ற இரு வகைகளில் இரும்பு விலக்கு இருக்கிறதே என்று அதை முழுதாகப் போட்டுவிடுவதும் நம் நாட்டில் சரிவராது. 1992 முதல் ஒரு ரூபாய் நாணயம், காந்தம் இழுக்கும் வகையான துருப்பிடிக்காத எஃகில் அச்சடிக்கப்படுகிறது. அதில் 83 விழுக்காடு இரும்பு, 17 விழுக்காடு குரோமியம். படித்துறைகளில் சிறுவர்கள் கயிற்றில் காந்தம் கட்டி நாணயம் எடுப்பது இதனால்தான் முடிகிறது. எஃகு ரூபாயின் மேல் சுருளை வீசினால், உலோக வகையைக் காட்டும் திரையில், இடமிருந்து வலம் போகையில் ஓர் எண்ணும் திரும்பி வருகையில் வேறோர் எண்ணும், நடுவே ஒரு கரகரப்பும் வரும். சோடா மூடியும் இப்படித்தான் பேசும். 2009க்குப் பின் வந்த நிக்கல் பித்தளை ஐந்து ரூபாயோ, எந்தத் திசையிலிருந்து வீசினாலும் அதே எண்ணில், அதே சுருதியில் நிற்கும். துளைக் கரண்டியால் அள்ளி அலையில் அலசினால், சிப்பித் துண்டுகளுக்கு நடுவே மஞ்சள் போய்ப் பழுப்பேறிய வட்டம் மிஞ்சும். கரகரப்பையும் எண்ணையும் சேர்த்துப் பார்த்துத் தோண்டலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இந்த வாய்ப்பு துடிப்பு வகையில் இல்லை. ஒற்றை அதிர்வெண் கருவியில் இருந்தாலும் ஈர மணலின் இரைச்சலில் எண்கள் கலங்கிவிடும். வலையின் அடிக்கயிற்றிலிருந்து உதிர்ந்த ஈயத்தை மட்டும் மூன்றுமே தங்கம் போலத்தான் சொல்லும். அதைத் தோண்டித்தான் ஆக வேண்டும்.

துடிப்பு வகையின் ஆழம் இங்கே பெரிய இலாபமாகாமல் போவதற்குச் சட்டமும் ஒரு காரணம். இந்தக் கரையில் ஆழத்தில் கிடப்பவை பழம்பொருள்கள்: ‘சேது’ என்று தமிழில் பொறித்த, யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் செப்புக் காசுகள், டச்சுக் கம்பெனியின் துட்டுகள். நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். மறைத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்ந்து ரோமானியக் காசுகளைக் கண்ட அழகன்குளத்துக்கும், சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்த பெரியபட்டினத்துக்கும் கருவியோடு போகவே கூடாது. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிபாடுகளும், தேசியப் பூங்காவான மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவ்வாறே. அக்னி தீர்த்தத்தில் காணிக்கைக் காசு பொறுக்கிப் பிழைப்பவர்கள் இருப்பதால் அங்கும் நான் கருவியை எடுப்பதில்லை. மிஞ்சுவது பொதுக் கடற்கரையில் அண்மையில் தொலைந்தவை. அவை பெரும்பாலும் ஒரு முழத்துக்குள் கிடக்கின்றன. அந்த ஆழத்துக்குப் பல அதிர்வெண் கருவியே போதும்.

பராமரிப்பு மூன்றுக்கும் ஒன்றுதான்: வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, தண்டின் பூட்டில் சிக்கிய மணலை எடுத்து, நிழலில் உலர்த்த வேண்டும். சுருளுக்கு மட்டும் நீர்க்காப்பு உள்ள மலிவான கருவிகளில், நீரில் விழாமலேயே உப்புக்காற்றில் பேட்டரி முனைகள் பச்சை பூத்துவிடும். இந்தப் பக்கத்தில் பழுது பார்க்க ஆளில்லை; பெட்டியில் கட்டி அனுப்பிக் காத்திருக்க வேண்டும் என்பதை விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

சொந்தத் தோப்பிலும் வயலிலும் காய்ந்த மணலிலும் மட்டும் தேடுபவருக்கு ஒற்றை அதிர்வெண் கருவியே தாராளம். முத்துக்குளிப்பவரைப் போல ஆழத்தில் மூழ்கித் தேடுபவருக்குத் துடிப்பு வகை பொருந்தும். நடுவில் நிற்கும் என்னைப் போன்றவர்கள், பல அதிர்வெண் கருவி ஒன்றைப் பழையதாக வாங்க விலை பேசும்போது, விற்பவரைக் கரைக்கே வரச்சொல்லி, ஒரு ரூபாயையும் ஐந்து ரூபாயையும் ஈர மணலில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, அதன் மேல் இயக்கிக் காட்டச் சொல்வது நல்லது.