இரண்டு மானிட்டர் மேசையில் ஸ்கிரீன்ஷாட்: எங்களுக்கு எது ஒத்து வந்தது

கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மாடியில் எங்கள் கணக்கு அலுவலகம். மாங்காய் சீசன் வந்துவிட்டால் மாங்கூழ் ஆலைக்காரர்கள் விடாமல் கூப்பிடுவார்கள். சரக்கு அனுப்புவதற்கான இ-வே பில் எடுக்கும்போது பிழைச் செய்தி வந்தால் அதைப் படமெடுத்து அவர்களுக்கு அனுப்ப வேண்டும், ஜிஎஸ்டி தளத்தில் புகார் போட்டால் அதோடும் இணைக்க வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது ஸ்கிரீன்ஷாட் சாதாரணம். மூன்று மேசையிலும் ஒரு லேப்டாப், பக்கத்தில் ஒரு பழைய மானிட்டர். ஒன்றில் டேலி என்ற கணக்கு மென்பொருள், இன்னொன்றில் ஜிஎஸ்டி தளம்.

இரண்டாவது மானிட்டர் வாங்கிப் போட்ட வாரமே மானம் போனது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு வாடிக்கையாளருக்குப் பிழைச் செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஐந்தே நிமிடத்தில் போன் வந்தது. "ஏம்ப்பா, இது யாரு பேங்க் கணக்கு? என்னுதுல இவ்வளவு பணம் கெடையாதே!" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் வியர்த்தது. "அண்ணா, நான் வலது பக்கத்தைத்தானே எடுத்தேன்" என்றாள் அவள். அவள் அழுத்தியது பிரிண்ட் ஸ்கிரீன். இடது திரையில் திறந்து கிடந்த வேறொருவரின் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் சேர்ந்தே போய்விட்டது.

தப்பு அவள் மேல் இல்லை. எத்தனை மானிட்டர் மாட்டினாலும் விண்டோஸ் எல்லாவற்றையும் ஒட்டி ஒரே பெரிய தாளாகத்தான் பார்க்கிறது. பிரிண்ட் ஸ்கிரீன் அந்தத் தாள் முழுவதையும் எடுக்கும். எங்கள் லேப்டாப் திரை 1920 x 1080 புள்ளி (பிக்சல்), பழைய மானிட்டர் 1366 x 768. இரண்டும் சேர்ந்தால் படம் 3286 புள்ளி அகலம். உயரம் குறைந்த திரைக்குக் கீழே 312 புள்ளி உயரத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. 'படம் பாதி கறுப்பாக வருகிறது, மானிட்டர் போய்விட்டதா' என்று கேட்பவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்தப் பட்டையைத்தான். டிஸ்பிளே செட்டிங்ஸில் இரண்டு கட்டங்களையும் மூலைக்கு மூலையாக வைத்திருந்தால் கறுப்பு இன்னும் கூடும்.

விண்டோஸ் + பிரிண்ட் ஸ்கிரீனுக்கும் இதே குணம்தான். படத்தை பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற இடத்தில் தானே சேமித்துவிடும் என்பதுதான் வித்தியாசம். ஆக, அந்தரங்கம் முக்கியமான மேசையில் இவை இரண்டுமே வேண்டாம்.

அடுத்தது ஆல்ட் + பிரிண்ட் ஸ்கிரீன். எதையும் நிறுவ வேண்டியதில்லை, எந்த மானிட்டரில் இருந்தாலும் முன்னால் நிற்கும் விண்டோவை மட்டும் எடுக்கும். பாதி வேலைக்கு இதுவே போதும் என்பேன். ஆனால் கண் வலது திரையில் இருக்க, கடைசியாகக் கிளிக் செய்தது இடது திரை டேலியாக இருந்தால் டேலிதான் வரும். எடுப்பதற்கு முன் வேண்டிய விண்டோவின் தலைப்பட்டையில் ஒரு கிளிக் போடும் பழக்கம் வர வேண்டும். அந்தப் புதுப் பெண்ணுக்கு இரண்டு நாளில் வந்தது, எனக்கு இன்னும் வரவில்லை.

விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ் அழுத்தினால் ஸ்னிப்பிங் டூல். எல்லாத் திரையும் மங்கும், வேண்டிய இடத்தை மட்டும் இழுத்து வெட்டிக்கொள்ளலாம். எங்கள் மாதிரி இடத்துக்கு இதன் பெரிய லாபம், இதே டூலை ஸ்டார்ட் மெனுவிலிருந்து திறந்தால் கிடைக்கும் 3, 5, 10 நொடி தாமதம் வைக்கும் வசதி. தளத்தில் கீழே விரியும் பட்டியலைப் படமெடுக்கப் போனால், விசையைத் தொட்டதும் பட்டியல் மூடிக்கொள்ளும். ஐந்து நொடி வைத்துவிட்டு, பட்டியலை விரித்துக் காத்திருந்தால் வேலை முடிந்தது. ஆனால் இதிலும் 'முழுத்திரை' என்று தேர்ந்தெடுத்தால் எல்லா மானிட்டரும் சேர்ந்தே வரும். ஒரு மானிட்டர் மட்டும் வேண்டுமென்றால் கையால்தான் இழுக்க வேண்டும். நாற்பது முறை இழுத்தால் மணிக்கட்டு பேசும்.

இந்த இடத்தில்தான் வெளியிலிருந்து நிறுவும் இரண்டு பேர் வருகிறார்கள்: கிரீன்ஷாட், ஷேர்எக்ஸ். விண்டோஸில் இரண்டும் இலவசம், இரண்டும் திறந்த மூல மென்பொருள். கிரீன்ஷாட்டின் ஐகானில் வலது கிளிக் செய்து முழுத்திரைக்குப் போனால் எல்லாம், இடது, வலது என்று பிரித்துக் கேட்கும். அந்த 'வலது' என்ற ஒரு சொல்லுக்காகவே எனக்கு அதைப் பிடித்துப்போனது. அதைவிட உபயோகமானது ஷிஃப்ட் + பிரிண்ட் ஸ்கிரீன்: கடைசியாக வெட்டிய அதே பகுதியை மறுபடி எடுக்கும். ஒரே பக்கத்தில் இருபது பில்லுக்குப் படம் வேண்டுமென்றால் ஒருமுறை இழுத்தால் போதும், மீதி பத்தொன்பதும் ஒரே அழுத்தம். பான் எண்ணை மறைக்கும் வசதியும் உள்ளேயே இருக்கிறது. மங்கலாக்குவதை நான் நம்புவதில்லை, அந்த இடத்தில் கறுப்புக் கட்டம் போட்டுவிடச் சொல்வேன்.

ஷேர்எக்ஸ் இதைவிடப் பெரிய கடை. மவுஸ் எந்த மானிட்டரில் நிற்கிறதோ அதை மட்டும் எடுக்க ஒரு விசை ஒதுக்கலாம், நீளமான பக்கத்தை உருட்டிக்கொண்டே எடுக்கலாம். ஆனால் முதல் நாள் மெனுவைப் பார்த்தாலே தலை சுற்றும். எடுத்த படத்தை இணையத்தில் ஏற்றும் வசதியும் அதற்குள் உண்டு. 'எடுத்த பின் செய்ய வேண்டியவை' பட்டியலில் பதிவேற்றத்துக்கு டிக் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்துவிட்டுத்தான் ஊழியர் கையில் கொடுக்க வேண்டும். பிறர் கணக்கை வைத்துப் பிழைப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

சரி, எந்தக் கருவியைப் போட்டாலும் வெட்டிய இடம் ஒன்று, வந்த படம் வேறொன்று என்றால்? எங்களிடம் முன்பு ஒரு பழைய இலவச மென்பொருள் இருந்தது, பெயர் வேண்டாம். 'மொத்தத் தொகை' வரியைச் சுற்றி இழுத்தால் அதற்கு இரண்டு விரல் மேலே இருக்கும் தேதி வரும். மென்பொருளை மூன்று முறை நீக்கி நிறுவினோம். காரணம் ஸ்கேல், அதாவது திரையில் எழுத்தையும் மற்றதையும் எவ்வளவு பெரிதாக்கிக் காட்ட வேண்டும் என்ற அளவு. லேப்டாப் 150 சதவீதம், மானிட்டர் 100 சதவீதம். ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி ஸ்கேல் இருப்பது தெரியாத பழைய மென்பொருள்கள், ஒரு திரையின் கணக்கை இன்னொரு திரையில் போட்டு இடம் தவறிவிடும். இரண்டையும் ஒரே சதவீதத்துக்கு மாற்றி, சைன் அவுட் செய்து திரும்ப வந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எழுத்து பொடியாகிறது என்று யாராவது முனகினால், ஸ்கேலைப் பழையபடி விட்டுவிட்டு, அந்த மென்பொருளின் பிராப்பர்ட்டீஸில் கம்பேட்டிபிலிட்டி பக்கத்துக்குப் போய், ஹை டிபிஐ ஸ்கேலிங்கை அப்ளிகேஷனே பார்த்துக்கொள்ளட்டும் என்று மாற்றிப் பார்க்கலாம்.

இதே வகையில் இன்னொன்று: மெயின் டிஸ்பிளேயின் இடது மேல் மூலைதான் விண்டோஸுக்குச் சுழியம். அதற்கு இடப்பக்கம் வைத்த மானிட்டரின் எண்கள் கழித்தல் குறியோடு ஓடும். அதை எதிர்பார்க்காமல் எழுதிய மென்பொருள் அந்தத் திரையைக் கண்டுகொள்ளாது. மானிட்டரை மேசையிலும் டிஸ்பிளே செட்டிங்ஸிலும் வலப்பக்கம் மாற்றி வைத்துப் பாருங்கள், செலவில்லாத வைத்தியம்.

பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை, அல்லது வேறு எதுவோ திறக்கிறது என்றால் அந்த விசையை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 11-இல் அதை ஸ்னிப்பிங் டூலே எடுத்துக்கொள்ளலாம், செட்டிங்ஸில் ஆக்சசிபிலிட்டி, கீபோர்டு என்று போனால் அணைக்கலாம். படங்களை நான் சேமிக்கட்டுமா என்று ஒன்டிரைவும் கேட்கும். கிரீன்ஷாட்டும் ஷேர்எக்ஸும் ஒரே கணினியில் இருந்தால் அந்த ஒரு விசைக்குச் சண்டைதான், ஒன்றை நீக்கிவிடுங்கள். சில லேப்டாப்பில் எஃப்என் (Fn) விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

ஒரு விண்டோ மட்டும் கறுப்பாக வருகிறதென்றால் அதை எழுதியவர்களே படமெடுக்கத் தடை போட்டிருக்கலாம். அங்கே கருவியை மாற்றிப் பயனில்லை.

இப்போது எங்கள் மூன்று மேசையிலும் ஸ்கேல் ஒன்றே. மற்ற இரண்டு மேசையில் இருக்கும் பெண்கள் இருவரும் கிரீன்ஷாட். நான் ஷேர்எக்ஸ் வைத்திருக்கிறேன், நீளமான லெட்ஜரை உருட்டி எடுக்க அதுதான் வேண்டும். வீட்டில் மாதம் இரண்டு படம் எடுப்பவர் இது எதையும் நிறுவ வேண்டாம், விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ் போதும். அப்புறம், அன்று போன் செய்தவர் இன்னும் எங்கள் வாடிக்கையாளர்தான். படம் அனுப்பினால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு என்னுது மட்டுந்தான் இருக்கு" என்று பதில் போடுவார்.