தானே புயலை ட்வைனில் எழுதிப் பார்த்தேன்

ஒரு கதையில் விளையாடுபவருக்குப் பத்து இடத்தில் இரண்டிரண்டு வழி கொடுத்து, எதையும் மறுபடி ஒன்றுசேர்க்காமல் விட்டால் 1,024 முடிவுகள் எழுத வேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல்தான் கேம் கதை எழுத உட்கார்ந்தேன். இருபது வருஷமாகச் சிறுகதை எழுதிய கைக்கு இது என்ன பெரிய வேலை என்ற நினைப்பு.

ட்வைன், இப்படிக் கிளை பிரியும் கதைகளை எழுத கிறிஸ் கிளிமாஸ் 2009-ல் வெளியிட்ட இலவச மென்பொருள். ஒரு காட்சியைக் கட்டத்துக்குள் எழுதி, தொட வேண்டிய வார்த்தைகளை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் அடுத்த கட்டம் தானாக முளைக்கும், நடுவில் ஒரு அம்பு விழும். முடித்ததும் கிடைப்பது ஒரே கோப்பு. நெட் இல்லாமலும் பிரவுசரில் திறக்கும். தமிழ் எழுத்து உடையவே இல்லை. வேறு கேம் என்ஜின்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பதைப் பார்த்து நொந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

என் கதை 2011 டிசம்பர் 29 இரவு. மறுநாள் காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் ஒரு கூரை வீடு, பாட்டி, பேத்தி, வாசல் பலாமரத்தடியில் ஒரு ஆடு. ஆட்டை அவிழ்த்து விடுவதா, அங்கேயே கட்டி வைப்பதா? பெரியப்பாவின் மாடி வீட்டுக்கு ஓடுவதா, இங்கேயே இருப்பதா? நாலாவது கேள்வியிலேயே திரை முழுக்க அம்புகள் பின்னிக்கொண்டன. எல்லாவற்றையும் இழுத்துவந்து விடியற்காலையில் ஒரே கட்டத்தில் சேர்த்தேன்: பலாமரம் சாய்ந்து கிடக்கிறது.

ஒன்பதாவது படிக்கும் அண்ணன் மகன் மூன்று தடவை ஆடிவிட்டு, "எதைத் தொட்டாலும் மரம் விழுதே அத்த, அப்புறம் எதுக்கு என்னைக் கேக்குற?" என்றான்.

ஒரு வாரம் பதில் கிடைக்கவில்லை. மரம் பிழைக்க ஒரு வழி வைத்திருக்கலாம், மனசு ஒப்பவில்லை. அன்றைக்கு எங்கள் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவள் நான். சிறுகதையில் வாசகர் என் பின்னால் வருவார். இங்கே கயிறு அவர் கையில் இருக்கிறது. அவர் அவிழ்த்ததையும் அவிழ்க்காததையும் கதை மறக்கக் கூடாது. ட்வைனோடு வரும் ஹார்லோ என்ற கதை வடிவத்தில் 'செட்' என்ற கட்டளை அதைக் குறித்து வைக்கிறது, 'இஃப்' தேவையான இடத்தில் எடுத்துக் கொடுக்கிறது. இப்போதும் மரம் எல்லோருக்கும் விழுகிறது. அவிழ்த்து விட்டவருக்குச் சருகுக்குள்ளிருந்து ஆடு கத்துவது கேட்கும். கட்டி வைத்தவருக்கு, பாட்டி வெறும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருப்பாள்.

தமிழில் எழுதுகிறவருக்கு ஒரு எச்சரிக்கை. விளையாடுபவரின் பெயரைக் கேட்டு வாங்கிக் கதைக்குள் வைக்கலாம். வைத்தேன். 'பாட்டி மாலாஐ எழுப்பினாள்' என்று வந்தது. ஆங்கிலத்தில் பெயரை அப்படியே நட்டால் போதும். நம்மிடம் முருகன் முருகனை ஆவான், மாலா மாலாவை ஆவாள், வினைமுற்றும் ஆணா பெண்ணா என்று பார்க்கும். இதற்கு ட்வைனில் உதவி எதுவும் இல்லை. பெயரையே தூக்கிவிட்டேன். "ஏ புள்ள, எழுந்திரு" என்கிறாள் பாட்டி. எந்த உருபும் வேண்டியதில்லை.

பிரவுசரில் எழுதினால் கதை அந்த பிரவுசருக்குள்தான் தங்கும். லேப்டாப்பைச் சர்வீசுக்குக் கொடுத்த இடத்தில் எல்லாவற்றையும் துடைத்துத் தந்தார்கள், என் முதல் 18 கட்டங்கள் போயே போயின. டெஸ்க்டாப் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள், தினமும் ஒரு நகல் பென்டிரைவில் போடுங்கள்.

ஓட்டமும் சண்டையும் வேண்டுமென்றால் இது உதவாது. வார்த்தையை வைத்தே கேம் செய்ய நினைப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

நேற்று அண்ணன் மகன் ஆட்டைக் கட்டியே வைத்துப் பார்த்தான். கயிறு வந்த இடத்தில் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் முதலிலிருந்து தொடங்கினான்.