பராமரிப்பு நிலை ஏறும், இறங்காது: முதியோர் இல்லம் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டுப் பெரியவரை முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள், வண்ண அட்டையில் அச்சிட்டுத் தரும் மாதக் கட்டணத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். அது அறைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும்தான். குளிப்பாட்ட, மாத்திரை கொடுக்க, இரவில் எட்டிப் பார்க்க என்று 'பராமரிப்பு நிலை' என்ற தலைப்பில் இன்னொரு தொகை வரும். எந்த நிலை என்பதை அந்த இல்லமே அளந்து, அந்த இல்லமே விலை போடும். என் அத்தையின் சேமிப்பில் ஓட்டை விழுந்தது அந்த இடத்தில்தான். புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் இல்லத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

அத்தைக்கு 82 வயது. வாக்கர் பிடித்து நடப்பார், தானே உடுத்திக்கொள்வார், தானே சாப்பிடுவார். குளிக்கும்போது வழுக்கி விழாமல் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்துத் தர வேண்டும். தேவை அவ்வளவுதான். சேர்ப்பதற்கு முன்னால் மேலாளர் ஒரு படிவத்துடன் வந்து பேசிப் பார்த்துவிட்டு 'முதல் நிலை' என்று குறித்தார். "அம்மா நன்றாகத்தானே இருக்கிறார்கள், பெரும்பாலும் இதிலேயே இருப்பார்கள்" என்றும் சொன்னார். திருப்பித் தரப்படாத சேர்க்கைக் கட்டணத்தைக் கட்டினோம்.

அந்தப் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இத்தகைய படிவங்களின் அடிப்படைக் கேள்விகள், 1963இல் மருத்துவர் சிட்னி கட்ஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட அளவுகோலில் இருப்பவை. குளித்தல், உடுத்துதல், கழிப்பறைக்குச் செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீர் மலத்தைக் கட்டுப்படுத்துதல், உண்ணுதல் என்று ஆறு செயல்கள். ஒவ்வொன்றும் துணையில்லாமல் முடிகிறதா என்று பார்ப்பார்கள். ஒருவர் எந்த அளவுக்குத் தானாக இயங்குகிறார் என்பதை மருத்துவர்கள் அறிவதற்காக வந்தது அது. அத்தையின் இல்லம் அதில் தன் இஷ்டத்துக்கு வரிகளைச் சேர்த்திருந்தது. நினைவூட்டினால் ஒரு புள்ளி, துணைக்கு நடந்தால் ஒரு புள்ளி, 'மன ஆறுதல் அளித்தல்' என்று ஒரு புள்ளி. எத்தனை புள்ளிக்கு எந்த நிலை என்ற அட்டவணையை ஒப்பந்தத்துடன் இணைக்கவில்லை. கேட்டதற்கு, அது உள் ஆவணம் என்றார்கள்.

சில வாரங்களில் அத்தைக்குச் சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் திடீர்க் குழப்பமும் வரலாம். ஆள் தெரியாமல், நேரம் புரியாமல் பேசுவார்கள். தொற்று அடங்கிய பிறகும் தெளிவு திரும்ப நாட்கள், சிலருக்கு வாரங்கள்கூட ஆகும். வீட்டில் முதியவர் இருக்கும் பலருக்கே தெரிந்த விஷயம் இது. முதியவர்களை வைத்துத் தொழில் நடத்துகிறவர்களுக்குத் தெரியாதா? அத்தை திரும்பி வந்த மறுநாள் காலையிலேயே, தள்ளாட்டமும் குழப்பமும் தீராத நிலையில், குடும்பத்தார் யாரும் பக்கத்தில் இல்லாதபோது, மறுமதிப்பீடு நடந்து முடிந்திருக்கிறது. முதல் நிலையிலிருந்து நேரே மூன்றாம் நிலை. மாத பில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. 'குடியிருப்பவரின் நலன் கருதி' என்று தொடங்கியது அவர்கள் அனுப்பிய கடிதம்.

அத்தை தேறினார். பழையபடி வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தார், செய்தித்தாளைப் படித்துவிட்டு அரசியல்வாதிகளைத் திட்டினார். மறுபடி அளந்து நிலையைக் குறையுங்கள் என்று கேட்டேன். அடுத்த மதிப்பீடு ஆறு மாதம் கழித்துத்தான் என்று பதில் வந்தது. ஏற்றுவதற்கு ஒரு காலைப்பொழுது போதும், இறக்குவதற்கு மட்டும் அரை ஆண்டு! ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். 'உடல்நிலை மாறும்போது இல்லம் மறுமதிப்பீடு செய்யலாம்' என்று ஒரு வரி இருந்தது. மாற்றம் எந்தத் திசையில் என்று அதில் இல்லை. அந்தத் திசையை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள்.

பணம் வாங்குகிறார்களே, அதற்குரிய வேலையாவது நடக்கிறதா என்று பார்க்கப் பராமரிப்புப் பதிவேட்டின் நகலைக் கேட்டேன். குடும்பத்தார் பார்க்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தும், தருவதற்கு இழுத்தடித்தார்கள். வந்த பிறகுதான் காரணம் புரிந்தது. ஒவ்வொரு நாளுக்கும் எல்லாக் கட்டங்களிலும் டிக், ஒரே பேனா, ஒரே சாய்வு. அத்தை மருத்துவமனையில் கிடந்த நாட்களிலும் 'குளிக்க உதவப்பட்டது', 'இரவு இரண்டு மணிக்குப் பார்க்கப்பட்டது' என்று டிக் இருந்தது! மேலாளரிடம் காட்டியபோது, "பணியாளர் பழக்கத்தில் போட்டிருப்பார்" என்றார். அந்த நாட்களுக்குப் பராமரிப்புக் கட்டணமும் பழக்கத்தில்தான் வாங்கியிருந்தார்கள் போலும். படுக்கையைப் பிடித்து வைத்ததற்கான வாடகையைக்கூட நான் ஒப்புக்கொள்வேன். ஆளே இல்லாத படுக்கையை இரவு இரண்டு மணிக்கு எட்டிப் பார்த்ததற்கு யார் காசு கொடுப்பார்கள்?

மருந்துக் கட்டணம் தனிக் கூத்து. எண்ணிக்கையை வைத்து விலை என்பதால், கண் சொட்டு மருந்தை வலக்கண்ணுக்கு ஒன்று, இடக்கண்ணுக்கு ஒன்று என்று இரண்டாக எழுதியிருந்தார்கள்.

எனக்கு மிகுந்த கோபம் வந்தது பில்லைப் பார்த்து அல்ல. மூன்றாம் நிலைப் பட்டியலில் 'தினசரித் தோல் பரிசோதனை' என்று ஒரு வரி உண்டு. அதற்கும் பதிவேட்டில் தவறாமல் டிக் இருந்தது. அத்தையை மருத்துவரிடம் காட்டக் கூட்டிப்போன அன்று, அங்கிருந்த நர்ஸ் அவருடைய குதிகாலில் ஒரு சிவந்த திட்டைக் கண்டுபிடித்தார். விரலால் அழுத்தினால் சிவப்பு வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் முதல் கட்டம் இப்படித்தான் இருக்கும். அந்தக் கட்டத்தில் கவனித்து அழுத்தத்தை நீக்கினால் ஆறிவிடும், விட்டால் தோல் உடைந்து உள்ளே இறங்கும். குதிகால், வால் எலும்புப் பகுதி, இடுப்பு ஆகிய மூன்றையும், நீங்கள் பார்க்கப் போகும்போதெல்லாம் நீங்களே பாருங்கள். பெரியவர் கூச்சப்பட்டாலும் பாருங்கள். பதிவேட்டு டிக்கை நம்பாதீர்கள்.

வேறு இடத்துக்கு மாற்ற முடிவு செய்து ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தோம். அடுத்த வாரமே அத்தையை அழைத்துக்கொண்டு வந்துவிட்டோம். காலி அறைக்கு வாடகையோடு மூன்றாம் நிலைப் பராமரிப்புக் கட்டணமும் சேர்த்து முழு மாதத்துக்கும் பில் அனுப்பினார்கள். வைப்புத் தொகையில் வண்ணம் பூசும் செலவு வேறு கழித்தார்கள். மீதியை என் தம்பி சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்று ஒரு கடிதமும் வந்தது. சேர்க்கைப் படிவத்தில் 'தொடர்புக்குரியவர்' என்றிருக்கும் இடத்தில் அவன்தான் கையெழுத்திட்டிருந்தான். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் அதே ஆளைப் 'பொறுப்பாளர்' ஆக்கி, பாக்கி எல்லாவற்றுக்கும் அவரே ஜாமீன் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நல்லவேளையாக, கையெழுத்துக்குப் பக்கத்தில் 'அத்தையின் சார்பாக மட்டும். அவருடைய கணக்கிலிருந்து மட்டுமே செலுத்தப்படும்' என்று அவன் எழுதி வைத்திருந்தான். வாயைத் திறந்தால் சட்டம் பேசுகிறான் என்று அன்று கேலி செய்தவர்கள் நாங்கள்தான். அந்த ஒரு வரியின் நகலை அனுப்பியதும் அவனுக்கு வந்துகொண்டிருந்த கடிதங்கள் நின்றன.

எழுத்துமூலம் புகார் கொடுத்த பிறகு, மருத்துவமனை நாட்களுக்கான பராமரிப்புக் கட்டணத்தைத் திருப்பித் தந்தார்கள். பதிவேட்டின் நகல் கையில் இருந்ததால்தான் அதுவும் கிடைத்தது. வண்ணம் பூசிய கணக்கும் காலி அறையின் பராமரிப்புக் கணக்கும் இன்னும் தீரவில்லை.

புதிய இடம் தேடியபோது எல்லோரிடமும் முதலில் மூன்று கேள்விகளை வைத்தோம். புள்ளி அட்டவணையை ஒப்பந்தத்துடன் இணைப்பீர்களா? மறுமதிப்பீட்டின்போது குடும்பத்தார் ஒருவரும் எங்கள் மருத்துவரின் குறிப்பும் இருக்க வேண்டும், மருத்துவமனையிலிருந்து திரும்பிய உடனே அளக்கக் கூடாது என்று எழுதித் தருவீர்களா? தேறினால் நாங்கள் கேட்டவுடன் நிலையை மறுபடி பார்ப்பீர்களா? பளிங்குத் தரையும் நீரூற்றும் வைத்திருந்த ஓர் இல்லம், இப்படிக் கேட்கும் குடும்பங்கள் தங்களுக்கு ஒத்துவராது என்று நேராகவே சொல்லிவிட்டது. அத்தை இப்போது இருக்கும் இடத்தில் நீரூற்று இல்லை, சுவரில் சாயம் கொஞ்சம் மங்கல். மூன்றையும் எழுதித் தந்தார்கள். அங்கே அவர் இருப்பது முதல் நிலையில்.