பெட்டி கண்ணில், கூர்மை ஜிமிக்கியில்: மிரர்லெஸ் ஆட்டோஃபோகஸோடு ஆறு வருடம்

மலேசியாவின் பினாங்கு மாநிலம், பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளை தாலியோடு குனிகிறார். 85 மி.மீ. லென்ஸில், துளையை எஃப் 1.8க்கு அகலத் திறந்து வைத்து மணப்பெண்ணின் முகத்தை எடுத்தேன். ராத்திரி கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் ஜிமிக்கியில் தொங்கும் முத்துகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். கண் மட்டும் பனி படர்ந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போல மங்கல். கூட வேலை செய்யும் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, பெட்டி கண்ணுலதானே இருந்துச்சு?" என்றான். அவன் சொன்னது சரி. ஃபோகஸ் புள்ளியைக் காட்டச் சொன்னேன். பச்சைப் பெட்டி இடது கண்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் ஆட்டோஃபோகஸ் எப்படி வேலை செய்கிறது என்று உருப்படியாகப் படிக்க ஆரம்பித்தேன். 2019 கடைசியில் வாங்கிய முழுச் சட்டக மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா இது. வார இறுதியில் கல்யாணம், வருடத்துக்கு ஒரு முறை தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசம் என்று ஆறு வருடமாக ஓடுகிறது. பிராண்ட் பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி எந்த மிரர்லெஸுக்கும் பொருந்தும்.

இதற்கு முன் டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த கேமரா. அதில் படம் பதிவது ஒரு சென்சாரில், ஃபோகஸை அளப்பது இன்னொரு சென்சாரில். பெரிய கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குட்டிக் கண்ணாடி கொஞ்சம் வெளிச்சத்தைக் கீழே அனுப்பும், அங்கே ஒரு தனிக் கருவி தூரத்தைக் கணக்கிடும். இரண்டு பாதையும் மயிரிழை வித்தியாசப்பட்டாலும் போச்சு. என் பழைய 85 எப்போதும் கொஞ்சம் பின்னால்தான் பிடிக்கும். அளவுகோலைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்து, மெனுவில் திருத்தி, மறுபடி எடுத்து என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை போயிருக்கும்! மிரர்லெஸில் படம் பதிகிற அதே சென்சார்தான் ஃபோகஸையும் அளக்கிறது. அந்தத் திருத்த வேலை அடியோடு ஒழிந்தது. இந்த ஆறு வருடத்தில் ஒரு லென்ஸுக்குக்கூட அளவுகோலை எடுக்கவில்லை. வேறு எதுவும் மாறாமல் இது ஒன்று மட்டும் மாறியிருந்தாலும் நான் இந்தப் பக்கம் வந்திருப்பேன்.

அளப்பது எப்படி? கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பிறகு மற்றதை மூடிப் பாருங்கள். பின்னால் இருக்கும் சுவரை ஒட்டி விரல் இடமும் வலமும் தாவும். விரல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, தாவலும் அவ்வளவு பெரிது. சென்சாரில் சில பிக்சல்களுக்குப் பாதி மறைப்பு போட்டிருப்பார்கள். சில பிக்சல்கள் லென்ஸின் இடப் பாதி வழியாக வரும் வெளிச்சத்தை மட்டும் பார்க்கும், சில வலப் பாதியை மட்டும். ஃபோகஸ் சரியாக இருந்தால் இரண்டு தரப்பும் பார்க்கிற உருவம் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும். தவறினால் விலகும். எந்தப் பக்கம் விலகியது என்பதை வைத்து லென்ஸை முன்னால் தள்ளுவதா பின்னால் இழுப்பதா என்று தெரியும். எவ்வளவு விலகியது என்பதை வைத்து எவ்வளவு தள்ளுவது என்று தெரியும். ஆகவே தேடி அலையாமல் ஒரே தாவலில் போய் நிற்கிறது. இதுதான் ஃபேஸ் டிடெக்‌ஷன்.

லென்ஸ் மாற்றும் மிரர்லெஸ் கேமராவுக்கு இது 2011இல் நிக்கான் 1 வரிசையோடு வந்தது. 2013இல் கேனன் தன் 70டியில் ஒவ்வொரு பிக்சலையும் இரண்டாகப் பிரித்து, இரண்டு பாதியும் படத்துக்கும் பயன்படும்படி செய்தது. அது டிஎஸ்எல்ஆர்தான் என்றாலும் திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் வேலை செய்த இந்த அமைப்புதான் பிறகு அவர்களுடைய மிரர்லெஸ் கேமராக்களுக்கு அடிப்படையானது. இன்னொரு வழி, கான்ட்ராஸ்டை (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டை) மட்டும் பார்ப்பது. லென்ஸை நகர்த்தி நகர்த்தி, எங்கே விளிம்புகள் அதிகக் கூர்மையாகின்றனவோ அங்கே நிற்பது. துல்லியம் உண்டு. ஆனால் உச்சத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால்தான் அது உச்சம் என்றே தெரியும். வீடியோவில் பின்னணி துடிப்பது போலத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

சரி, இடம் வலம் என்று சொன்னேனே, அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் மரச் சன்னல் பார்த்திருப்பீர்கள். படுக்கைவாட்டில் வரிசை வரிசையாகப் பலகை. ஒரு நாள் காலை ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில், நல்ல வெயிலில், சட்டகம் முழுக்க அப்படி ஒரு சன்னலை வைத்தேன். லென்ஸ் முன்னும் பின்னும் போய் வந்ததே தவிர பிடிக்கவில்லை. கேமரா கெட்டுப்போனதாகவே நினைத்தேன். தற்செயலாக நெட்டுக்குத்தாகத் திருப்பியதும் டக்கென்று பிடித்தது. படுக்கைக் கோட்டை இடமோ வலமோ நகர்த்தினால் அது அதே கோடாகத்தான் தெரியும், விலகலே புலப்படாது. கேமராவைத் திருப்பினால் அதே கோடு நெட்டுக்கோடாகிவிடுகிறது. சில புதிய மாடல்களில் இரண்டு திசையிலும் அளக்கும் பிக்சல்கள் வந்துவிட்டன. என்னுடையதில் இல்லை. அதனால் கோயில் படிக்கட்டு, படுக்கைக் கோடு போட்ட சட்டை என்று எது வந்தாலும் கை தானாகவே கேமராவைக் கொஞ்சம் சாய்த்துவிடுகிறது.

இப்போது ஜிமிக்கிக்கு வருகிறேன். கண்ணைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, தூரத்தை அளப்பது வேறு வேலை. முதல் வேலையைச் செய்வது படத்தில் முகத்தையும் கண்ணையும் அடையாளம் காணும் மென்பொருள். 'இங்கே அள' என்று அது இடத்தைக் காட்டும். இரண்டாவது வேலை அந்தப் பிக்சல்களுடையது. பெட்டி கண்மேல் இருக்கிறது என்றால் முதல் வேலை முடிந்தது என்றுதான் பொருள். அன்று நான் ஒற்றை ஃபோகஸில் வைத்திருந்தேன், ஒரு முறை பிடித்ததும் அங்கேயே நின்றுவிடும் வகை. பொத்தானைப் பாதி அழுத்தியபோது கேமரா சரியாகத்தான் அளந்தது. அப்புறம் அந்தப் பெண் தாலிக்காக நான்கு விரற்கடை முன்னால் சாய்ந்தார். 2 மீட்டரில், எஃப் 1.8இல், கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 6 செ.மீ.தான். கண் அதைத் தாண்டி வெளியே வந்துவிட்டது, கண் இருந்த இடத்துக்குக் காது வந்துவிட்டது. அன்றிலிருந்து மனிதர் என்றால் விடாமல் அளந்துகொண்டே இருக்கும் தொடர் ஃபோகஸ் மட்டும்தான், மேடையில் அசையாமல் நின்று போஸ் கொடுத்தாலும் சரி. தம்பிக்கும் அதையே சொல்லியிருக்கிறேன். ஒரு படம் தப்பினால் முதலில் பெட்டி எங்கே இருந்தது என்று பார்க்கச் சொல்வேன். பெட்டியே இடம் மாறியிருந்தால் அடையாளம் காண்பதில் தவறு. பெட்டி சரியாக இருந்தும் மங்கினால் அளவிலோ அசைவிலோ தவறு. இரண்டுக்கும் மருந்து வேறு.

அடையாளத்தில் தவறு என்றால் தைப்பூசம்தான் நினைவுக்கு வரும். காவடியின் வளைவில் முருகன் படம் வைத்திருப்பார்கள், பெரிதாக, பளிச்சென்று. அதன் கீழே வியர்வை வழிய, தலை குனிந்து பக்தர் ஆடி வருவார். கேமராவுக்கு இரண்டும் முகம்தான். குனிந்த முகத்தை விட்டுவிட்டு நிமிர்ந்த முகத்துக்குத் தாவிவிடும். உறுமி மேளம் ஏற ஏற ஆட்டமும் ஏறும், பெட்டி இரண்டுக்கும் நடுவே அல்லாடும். அங்கே நான் கண் தேடுவதை அணைத்துவிட்டு, சின்னப் புள்ளி ஒன்றைப் பக்தரின் முகத்தில் வைத்து, நானே பின்தொடர்கிறேன். குறுக்கே ஆள் போனால் உடனே அவர்மேல் தாவாமல் இருக்க, பின்தொடரும் வேகத்தையும் மெனுவில் குறைத்துவிடுவேன்.

வெள்ளி இரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைப்பதும் அப்படித்தான். சிதறும் தேங்காய்ச் சில்லுகளை எந்த ஆட்டோஃபோகஸாலும் துரத்த முடியாது. தேங்காய் விழப்போகும் இடத்தில் தரையை ஒரு முறை பிடித்து, மேனுவலுக்கு மாற்றி, ஷட்டரை 1/2000 நொடியில் வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

இருட்டைப் பற்றி ஒன்று. எலெக்ட்ரானிக் வியூஃபைண்டர் படத்தை வெளிச்சமாக்கிக் காட்டுவதால் மண்டபம் பிரகாசமாக இருப்பதாக நமக்குத் தோன்றும். அளக்கிற பிக்சல்களுக்கு அந்த வெளிச்சம் கிடைப்பதில்லை. என் கேமரா நான் வைத்த அபெர்ச்சரிலேயே (லென்ஸ் துளையின் அளவிலேயே) அளக்கிறது. குடும்பப் படத்துக்கு எஃப் 8 வைத்தால் மங்கல் வெளிச்சத்தில் தடுமாறும், எஃப் 2.8க்குத் திறந்தால் உடனே பிடிக்கும்.

ஆறு வருடத்தில் தேய்ந்தது எது? சென்சாரில் இருக்கும் ஃபோகஸ் அமைப்பு வாங்கிய நாள் போலவே இருக்கிறது. தேய்ந்தவை லென்ஸ் பக்கம். பினாங்கு ஈரப்பதத்தில் லென்ஸின் உலோகத் தொடுபுள்ளிகள் மங்கி, ஒரு முறை ஃபோகஸ் நடுவிலேயே நின்றது. உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்ததும் சரியானது. இப்போது எல்லாம் ஈரப்பதத்தைக் குறைக்கும் டிரை கேபினட்டில்தான் தூங்குகின்றன. 85இன் மோட்டார் மட்டும் முன்பைவிடச் சத்தம் போடுகிறது.

போன மாதம் நண்பர் தன் புதிய மாடலை ஒரு கல்யாணத்துக்குக் கொடுத்தார். உடல் நிற்கும் நிலையை வைத்தே தலை எங்கே என்று கணிக்கும் வகை அது. மணப்பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பெட்டி தலையை விடவில்லை, அது பெரிய முன்னேற்றம். மறுநாள் காலையில் அதே ஆர்மீனியன் ஸ்ட்ரீட் சன்னல் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அதுவும் தேடியது, திருப்பியதும் பிடித்தது. பாடி இன்னும் ஒரு வருடம் ஓடட்டும் என்று முடிவு செய்து, புது 85க்குப் பணம் சேர்க்கிறேன்.