மான் வேட்டைக்கு முன்பணம் கட்டுவோர் கவனத்திற்கு: 480 பவுண்டைப் பறிகொடுத்தேன்

இங்கிலாந்தில் மன்ட்ஜாக், ரோ போன்ற சிறு காட்டு மான்களை இறைச்சிக்காக வேட்டையாட விரும்புவோரை, வழிகாட்டியுடன் காட்டுக்கு அனுப்பிவைப்பதாகச் சொல்லும் ஓர் இணைய முன்பதிவுத் தளத்தில் 480 பவுண்டைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் இதை எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் தளத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். அதே வகைத் தளம் எதிலாவது பணம் கட்டவிருப்பவர்கள், கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அந்த 480 பவுண்டுக்கு அவர்கள் தருவதாகச் சொன்னவை இவை: சஃபோக் பகுதியில் ஒரு தனியார் காட்டில் ஒரு விடியற்காலை, அனுபவமுள்ள வழிகாட்டி, அவருடைய ரைஃபிள், மான் கிடைத்தால் குடல் நீக்கிக் குளிரவைத்த முழு உடல். குறி மன்ட்ஜாக் மான்தான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கேளையாட்டுக்கு உறவான இந்தச் சீன மான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெட்ஃபோர்ட்ஷயரின் வோபர்ன் மாளிகைப் பூங்காவில் வளர்க்கப்பட்டு அங்கிருந்து பரவியது. காட்டின் இளந்தளிர்களையும் புளூபெல் செடிகளையும் மேய்ந்து தீர்ப்பதால் அதன் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று வனக்காவலர்களே சொல்கிறார்கள். ரோ மானுக்கு இருப்பது போன்ற தடைக்காலம் இதற்கு இல்லை. எனவே இறைச்சிக்காக இதைச் சுடுவதில் எனக்கு உறுத்தல் இருக்கவில்லை.

நான் நம்பிய கணம் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டுவதற்கு முன் வழிகாட்டியிடம் தொலைபேசியில் பேசினேன். மன்ட்ஜாக் ஆண்டு முழுவதும் குட்டி போடும் இனமாயிற்றே, பெட்டையைச் சுட்டால் எங்கோ புதரில் படுத்திருக்கும் குட்டி பட்டினி கிடந்து சாகாதா என்று கேட்டேன். அவர் சற்றும் தயங்காமல், ஒன்று இன்னும் முதிராத பெட்டையைச் சுட வேண்டும், அல்லது வயிறு நன்றாகத் தள்ளிய நிறைசினைப் பெட்டையைச் சுட வேண்டும், ஏனென்றால் அதன் முந்தைய குட்டி அதற்குள் தாய்ப்பாலை மறந்திருக்கும், இரண்டுக்கும் இடைப்பட்டதை விட்டுவிட வேண்டும் என்றார். இங்குள்ள மான் வேட்டைப் பயிற்சியில் கற்றுத்தருவதும் அதுவே. இவ்வளவு தெரிந்த மனிதர் நில உரிமையாளரின் அனுமதியும் எழுத்தில் இருக்கிறது, காலையில் காட்டுகிறேன் என்று சொன்னபோது யார்தான் நம்பமாட்டார்கள்?

காலையில் கடிதத்தைக் கேட்டேன். வண்டியில் இருக்கிறது, வெளிச்சம் வந்துவிடும், திரும்பி வந்து பார்க்கலாம் என்றார். முள்புதர்களின் ஓரமாகக் காற்றை முகத்தில் வாங்கியபடி நடந்தோம். புதரிலிருந்து ஒரு மன்ட்ஜாக் முதுகைக் கூனியபடி வெளியே வந்து, ஒரு முன்னங்காலைத் தூக்கியவாறே நின்றது. மூன்றுகால் தாங்கியை விரித்து வழிகாட்டி ரைஃபிளை என் கையில் கொடுத்த வேளையில் பின்னால் குவாட் வண்டியின் ஓசை கேட்டது. வந்தவர் அந்த நிலத்தின் விவசாயி. இவருக்குக் கொடுத்திருந்த அனுமதியைச் சென்ற இலையுதிர் காலத்திலேயே திரும்பப் பெற்றுவிட்டதாகவும், உடனே வெளியேறாவிட்டால் காவல்துறையை அழைப்பதாகவும் சொன்னார். வழிகாட்டி மறுத்து ஒரு சொல்கூடப் பேசவில்லை.

என் கோபம் பணத்தோடு நிற்கவில்லை. உரிமையாளரின் சம்மதமின்றி மானைத் தேடி அவர் நிலத்தில் நுழைவது 1991-ஆம் ஆண்டின் மான்கள் சட்டப்படி குற்றம். துப்பாக்கி உரிமம் இல்லாத என்னைப் போன்றவர் அடுத்தவரின் ரைஃபிளைக் கையில் வாங்க வேண்டுமானால், அதைத் தருபவருக்கு அந்த நிலத்தில் வேட்டைக்கு ஆள் அழைத்துவரும் உரிமையோ, உரிமையுள்ளவரின் எழுத்துமூல அனுமதியோ இருந்தாக வேண்டும். அனுமதி இல்லாத காட்டில் அவர் என் கையில் ரைஃபிளைக் கொடுத்தது என்னைக் காவல் நிலையம் வரை இழுத்திருக்கக்கூடிய செயல். 480 பவுண்டு வாங்கிக்கொண்டு அவர்கள் எனக்குச் செய்தது இதுதான்.

தளத்துக்கு எழுதினேன். முதல் பதில்: வேட்டையில் மான் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நான் கேட்டது மானைப் பற்றியே அல்ல. அடுத்த பதில்: வழிகாட்டிகள் தனித்தொழில் செய்பவர்கள், தளம் அறிமுகம் மட்டுமே செய்கிறது. அப்படியானால் 480 பவுண்டும் தளத்தின் கணக்குக்கு ஏன் வந்தது என்று கேட்டதற்கு, நல்லெண்ண அடிப்படையில் அடுத்த பருவத்துக்கு ஒரு தள்ளுபடிச் சீட்டு அனுப்பினார்கள்! தொலைபேசியில் இசை ஒலிக்கிறது, பிறகு இணைப்பு அறுந்துவிடுகிறது. வழிகாட்டி என் எண்ணையே தடுத்துவிட்டார்.

விரிவாக யோசனை சொல்லும் நிலையில் நான் இப்போது இல்லை. சிலவற்றை மட்டும் சொல்கிறேன். வங்கிப் பரிமாற்றம் மட்டுமே ஏற்போம் என்று சொல்லும் தளத்தை விட்டு விலகுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ளதைக் கடன் அட்டையில் வாங்கினால், விற்றவர் ஏமாற்றும்போது அட்டை நிறுவனமும் சட்டப்படி பொறுப்பாகும். எனக்கு அந்த வழியையே அவர்கள் விட்டுவைக்கவில்லை. நில உரிமையாளரின் கடிதத்தைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள், அதில் உள்ள தேதியைப் பாருங்கள், அவரிடம் நேரில் பேசுங்கள். வண்டியில் இருக்கிறது என்று வழிகாட்டி சொன்னால், அவர் அதை எடுத்து வரும்வரை ரைஃபிளைத் தொடாதீர்கள்.