‘கைப்பிரதி முதல் புத்தகம் வரை’ பேக்கேஜ்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

முதல் புத்தகம் போடுகிறவர்களைக் குறிவைத்து புதுச்சேரி, கடலூர் அச்சகங்கள் எல்லாவற்றையும் ஒரே தொகையில் முடித்துத் தருவதாகச் சொல்கின்றன. டைப் செட்டிங், பிழை திருத்தம், அட்டை, ஐ.எஸ்.பி.என். (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்), 100 பிரதி, மின்னூல், வெளியீட்டு விழாவுக்கு ஃபிளெக்ஸ் வரை அதில் அடக்கம். இங்கே பார்ப்பது புதுச்சேரி நகருக்குள் உள்ள ஒரு டிஜிட்டல் அச்சகத்தின் பேக்கேஜ். பெயர் வேண்டாம், ஏனென்றால் குறைகள் அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியவை அல்ல. கணக்குக்கு 160 பக்க நாவல், டெமி அளவு (5.5 × 8.5 அங்குலம்), 100 பிரதி என்று வைத்துக்கொள்வோம். அச்சும் பைண்டிங்கும் கொடுத்த காசுக்குத் தகும். மீதியில் பாதி இலவசமாகவே கிடைப்பது, இன்னொரு பாதி எழுதியவர் தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது.

முதல் சிக்கல் எழுத்துருவில் வருகிறது. நீங்கள் யூனிகோடில் தட்டிய வேர்டு கோப்பைக் கொடுப்பீர்கள். கடையில் லேஅவுட் (பக்க அமைப்பு) செய்பவர் பழகிய கைக்கு ஏற்ப அதைப் பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவுக்கு மாற்றிக்கொள்வார். மாற்றத்தில் மேற்கோள் குறி இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு தமிழ் எழுத்து வந்து உட்காரும். நடுவில் வரும் ஆங்கிலச் சொல் கூளமாகிவிடும். யூனிகோடிலேயே இன்டிசைன் என்ற லேஅவுட் மென்பொருளில் செய்தாலும், அதில் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பு (ெ) எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘எந்த எழுத்துருவில் செய்கிறீர்கள், கடைசியில் இன்டிசைன் கோப்பும் தருவீர்களா’ என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வராத கடையில் லேஅவுட் கொடுக்காதீர்கள். இந்தக் கடை பி.டி.எஃப். மட்டும்தான் தருகிறது. இரண்டாம் பதிப்பில் ஒரு வரி மாற்ற வேண்டுமென்றாலும் அவர்களிடமே போய் நிற்க வேண்டும்.

கொடுக்கும் முன் உங்கள் கோப்பிலும் இரண்டைத் தேடிப் பாருங்கள். ‘ஔவை’ என்பதை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாக அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, தேடினால்தான் சிக்கும். காலும் ரகரமும் இடம் மாறிய சொற்களும் அப்படியே: ‘பாட்டு’ ‘பரட்டு’ ஆகியிருக்கும்.

பேக்கேஜில் ‘பிழை திருத்தம்’ என்று இருப்பது ஒரே ஒரு வாசிப்பு. எழுத்துப் பிழை போகும், ஒற்றுப் பிழை பாதி போகும். 40ஆம் பக்கத்தில் பெரியப்பாவாக இருந்தவர் 90ஆம் பக்கத்தில் சித்தப்பா ஆனதை யாரும் பார்க்க மாட்டார்கள். அது எடிட்டரின் வேலை, இந்தத் தொகைக்குள் எடிட்டர் கிடையாது. இதைக் கடையின் குற்றமாகச் சொல்ல முடியாது, ஆனால் விளம்பரத்தில் ‘எடிட்டிங்’ என்று போடுவது தவறு. லேஅவுட் முடிந்த பிறகு குறைந்தது இரண்டு புரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்கும் படி) கேளுங்கள், தாளில் கேளுங்கள். இரண்டாவது புரூஃபில் முதல் புரூஃபின் திருத்தங்களை மட்டும் சரிபார்த்தால் போதாது. ஒரு சொல் கூடினாலே பத்தி நகர்ந்து, கடைசி வரி தனியாக அடுத்த பக்கத்தின் தலையில் ஏறி நிற்கும்.

அச்சில் குறை சொல்ல அதிகமில்லை. 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) நேச்சுரல் ஷேட் தாள், 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு அட்டை, மேட் லேமினேஷன் (பளபளப்பில்லாத மெல்லிய பிளாஸ்டிக் உறை), பெர்ஃபெக்ட் பைண்டிங் (தைக்காமல் முதுகில் பசை போட்டு ஒட்டுவது). கறுப்பு சீராக விழுகிறது, 11 பாயிண்ட் எழுத்து கண்ணை உறுத்தவில்லை. தகடு செய்து அதிகப் பிரதிகள் அடிக்கும் ஆஃப்செட்டில் 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அடித்து மடிக்கும் பக்கத் தொகுதி) கணக்கு உண்டு. 160 பக்கம் சரியாக 10 ஃபாரம், 164 ஆனால் நாலு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்ட வேண்டும். டிஜிட்டலில் அந்தக் கவலை இல்லை. 500 பிரதிக்கு மேல் போனால் மட்டும் ஆஃப்செட் விலையும் கேளுங்கள்.

தடுமாறுவது அட்டையில். 160 பக்கம் என்றால் 80 தாள். தாளுக்குச் சுமார் 0.1 மி.மீ. என்றால் முதுகு 8 மி.மீ. வரும். வடிவமைப்பவர் குத்துமதிப்பாக 12 மி.மீ. போட்டுவிட்டால் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு வழியும். அதே தாளில் ஒரு டம்மி (மாதிரிப் புத்தகம்) கட்டச் சொல்லி, அளந்த பிறகே அட்டைக் கோப்பை இறுதி செய்யுங்கள். அந்த டம்மியை நடுவில் விரித்து ஒரு தாளைப் பிடித்து இழுத்தும் பாருங்கள். எளிதில் கழன்று வந்தால் முதுகைச் சரியாகச் சீவாமல் பசை போட்டிருக்கிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரை ஊர்களுக்கே உரிய இன்னொரு தொல்லை: அட்டை சுருண்டுகொள்ளும். லேமினேஷன் வெளிப்பக்கம் மட்டும்தான். உள்பக்கம் ஈரத்தை இழுத்து விரிய, அட்டை வெளிப்புறமாக வளையும். லேமினேஷன் முடிந்ததும் ஒரு நாள் பாரம் வைத்து அடுக்கச் சொல்லுங்கள், அட்டைத் தாளின் நார் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும் என்றும் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பெட்டிகளைத் தரையில் வைக்காதீர்கள்.

ஐ.எஸ்.பி.என்.னுக்குப் பணம் வாங்குவதை ஒப்புக்கொள்ளவே முடியாது. இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐ.எஸ்.பி.என். முகமை அதை இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அச்சகம் தன் எண்ணைக் கொடுத்தால் பதிப்பாளர் அந்த அச்சகம்தான். நாளை வேறு பதிப்பகத்துக்குப் போனால் புது எண் வேண்டும். பதிப்பாளர் என்றால் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்பும் கடமையும் அவருடையது. பேக்கேஜில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒப்பந்தத்தில் ‘உரிமை மாற்றம்’ என்று இருந்தால் கையெழுத்து போடாதீர்கள். காலம் குறிப்பிடாவிட்டால் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி 5 ஆண்டு என்று கொள்ளப்படும். அச்சுக் கூலி கொடுத்தவர் ஒரு நாளுக்குக்கூட உரிமையைக் கொடுக்கத் தேவையில்லை. மின்னூலையும் உங்கள் சொந்த அமேசான் கணக்கிலேயே ஏற்றுங்கள், கடையின் கணக்கில் ஏற்றினால் ராயல்டி அங்கேதான் போகும்.

‘விற்பனை உதவி’ என்பது இரண்டு கடைகளில் சில பிரதிகள் வைப்பதோடு சரி. கடைக் கழிவை (விற்கும் கடை விலையில் எடுத்துக்கொள்ளும் பங்கு) சேர்த்தே விலை போடுங்கள். ஒரு பிரதியின் அடக்கம் 110 ரூபாய், விலை 160 என்றால் 35 சதவீதக் கழிவு போகக் கைக்கு வருவது 104, அடக்கமே தேறாது.

கொட்டேஷனை லேஅவுட், அட்டை, அச்சு எனப் பிரித்துக் கேட்டால் இந்தக் கடையில் தருகிறார்கள், அது நல்ல விஷயம். அச்சை மட்டும் இங்கே கொடுங்கள். ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கு வேண்டுமென்றால் செப்டம்பருக்குள் கோப்பு போய்விட வேண்டும், நவம்பரில் மழையோடு கூட்டமும் சேர்ந்துவிடும். ஜூலை நெய்வேலிக் கண்காட்சி போதும் என்பவர்கள் கோடையில் நிதானமாக அடிக்கலாம்.