வாசிக்கிறான், விளங்குதா? ஓட்டிசப் பிள்ளைகளின் கிரகித்தலை அறிய மூன்று வழிகள்

இலங்கையின் மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. தரம் 3இல் ஓட்டிசம் உள்ள ஒரு பையன். மற்றப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் பக்கத்தை முடித்துவிடுவான். "மீனா ஏன் குடையை எடுத்தாள்?" என்று கேட்டேன். "மீனா குடையை எடுத்தாள்" என்றான். மறுபடி கேட்டேன். கதையின் கடைசி வரியை அப்படியே ஒப்புவித்தான். கிரகித்தலுக்குப் பத்துக்கு ஒன்று போட்டேன். அடுத்த நாள் அதே கதையைப் படங்களாக மேசையில் பரப்பி, "முதல்ல நடந்தது எது? எடு பார்ப்போம்" என்றேன். கறுத்த மேகத்தை எடுத்து வைத்தான். அப்புறம் குடை, அப்புறம் வாசல். அப்படியென்றால் முந்தின நாள் நான் போட்ட அந்த ஒன்று எதற்கான புள்ளி?

இந்தப் பிள்ளைகளின் மொழியையும் வாசிப்பையும் ஆராய விரும்பும் ஆசிரியர்களும் மாணவர்களும் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இது. எதை வைத்து அளப்பது? என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, நமக்குப் பழகிய வழி: பந்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்பது. செலவில்லை, ஒரு பாடவேளையில் வகுப்பு முழுவதையும் முடித்துவிடலாம், புள்ளிகளை ஒப்பிடுவதும் சுலபம். ஆனால் "ஏன்" என்ற கேள்வியே ஒரு மொழிப் பரீட்சைதான். பிள்ளை கேள்வியை விளங்கிக்கொள்ள வேண்டும், கேட்பவர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஊகிக்க வேண்டும், பதிலை வாக்கியமாக்க வேண்டும். ஓட்டிசத்தில் இந்த மூன்றில் எதுவும் இடறலாம். குறைந்த புள்ளி எந்த இடத்தில் இடறியது என்று சொல்லாது.

மலையகத்தில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. அந்தப் பையன் வீட்டில் "அம்மா மலைக்குப் போயிருச்சு" என்றால் கொழுந்து பறிக்கப் போயிருக்கிறாள் என்று அர்த்தம். "பேர்" என்றால் ஒரு நாள் சம்பளம். பாடப்புத்தகத்தில் மலை என்பது ஏறுவதற்கு, பேர் என்பது கூப்பிடுவதற்கு. புத்தக அம்மா "வந்தார்", வீட்டு அம்மா "வந்துச்சு". ஒரு சொல்லுக்கு ஒரு பொருளையே இறுகப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது, கதையைத் திருப்பிச் சொல்ல வைப்பது. பிள்ளை யாரை நினைவில் வைத்திருக்கிறான், காரணத்தையும் விளைவையும் எப்படிக் கோர்க்கிறான் என்பதெல்லாம் இதில் தெரியும். கேட்கக் கேட்க எனக்கே புதுசாக ஏதாவது பிடிபடும். ஆனால் குறைவாகப் பேசும் பிள்ளைக்குப் பூச்சியம் விழும். கேட்டதை அச்சொட்டாக ஒப்புவிக்கும் பிள்ளையோ விளங்காமலே முழுப்புள்ளி வாங்கிவிடும். தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது வேறு நமக்கு இயல்பு. "வந்தாங்க, குடுத்தாங்க, போனாங்க" என்று பிள்ளை சொன்னால் அது குறையா, வழக்கமான பேச்சா? ஆங்கிலப் பிள்ளைகளுக்கென்று செய்த புள்ளித் திட்டத்தை அப்படியே எடுத்தால் தவறாகக் கணக்கிடுவோம்.

மூன்றாவதுதான் எனக்குச் சரியாகப்படுகிறது. ஒரே அளவு கடினமான இரண்டு பந்திகள். ஒன்றைப் பிள்ளை வாசிக்கும், மற்றதை நாம் வாசித்துக் காட்டுவோம். இரண்டுக்கும் பதில் வாயால் வேண்டாம். படத்தைத் தொட்டால் போதும், பொருளை நகர்த்தினால் போதும். 1986இல் காஃப், டன்மர் என்ற இரு வாசிப்பு ஆய்வாளர்களும் வைத்த கணக்கு இதற்கு அடிப்படை: கிரகித்தல் என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும், கேட்டு விளங்கும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒரு பக்கம் பூச்சியமானால் எல்லாம் பூச்சியம். கேட்கும்போது விளங்கி, வாசிக்கும்போது மட்டும் விளங்காவிட்டால் எழுத்தில் வேலை செய்ய வேண்டும். இரண்டிலும் விளங்காவிட்டால் பேச்சு மொழியிலும் சொல்வளத்திலும்தான் தொடங்க வேண்டும்.

கேட் நேஷன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2006இல் ஓட்டிசம் உள்ள 41 பிள்ளைகளிடம் பார்த்ததும் இதற்கு ஒத்துப்போகிறது. சொற்களை நன்றாக வாசித்தும் விளங்காமல் தவித்தவர்களுக்கு, காதால் கேட்டு விளங்குவதும் சொல்லறிவும் குறைவாகவே இருந்தன. 2013இல் 36 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் சொற்பொருள் அறிவையும் எழுத்து வாசிப்பையும்தான் பெரிய காரணங்களாகக் கண்டார்கள். மனிதர்களின் உறவும் உணர்வும் நிறைந்த பந்திகளில் இந்தப் பிள்ளைகள் கூடுதலாகத் தடுமாறுகிறார்கள் என்பதும் அதில் தெரிந்தது. அதனால் நான் இரண்டு வகைப் பந்திகள் வைப்பேன்: ஒன்று மனிதர் கதை, மற்றது கொழுந்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போய்த் தேயிலையாகும் விதம். ஒவ்வொன்றையும் புத்தகத் தமிழில் ஒரு முறை, லயத்துப் பேச்சில் (தோட்டத்து வரிசை வீடுகளில் பேசும் தமிழில்) ஒரு முறை கேட்க வைப்பேன். லயத்துப் பேச்சில் விளங்கிப் புத்தகத் தமிழில் விளங்காவிட்டால், அந்த இடைவெளியை ஓட்டிசத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

குறை இல்லாமல் இல்லை. மூன்று படம் வைத்தால் குருட்டாம்போக்கில் தொட்டாலே மூன்றில் ஒன்று சரியாகிவிடும். நான்கு படமும் நிறையக் கேள்விகளும் வேண்டும். "வெட்கப்பட்டாள்" என்பதைப் படமாக்குவது லேசில்லை. பந்திகளின் கடினத்தை முதலில் அதே டிவிசனில் (தோட்டப் பிரிவில்) உள்ள மற்றப் பிள்ளைகளிடம் சரிபார்க்க வேண்டும், கொழும்புப் பிள்ளைகளிடம் அல்ல. ஒப்பிடும்போதும் வயதை மட்டும் பார்க்காமல், மொழித்திறனில் சமமான பிள்ளைகளோடும் ஒப்பிட வேண்டும்.

ஆங்கிலத்தில் பேர்போன இன்னொரு சோதனை இருக்கிறது. ஒரே எழுத்துக்கூட்டல், இரண்டு உச்சரிப்பு. வாக்கியத்தைப் பார்த்துச் சரியான உச்சரிப்பைத் தெரிவுசெய்ய வேண்டும். 1983இல் ஊட்டா ஃபிரித், ஸ்னோலிங் என்ற ஆய்வாளர்கள் செய்தது. தமிழில் அப்படிச் சொற்கள் குறைவு. இரக்கப்படும் பாவம், முகத்தில் காட்டும் பாவம். தீப்பந்தம், சொந்தபந்தம் என்று சிலது கிடைக்கும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்ப முடியாது.

அளந்த பிறகு என்ன செய்வது? 2004இல் ஓகானர், கிளைன் என்ற ஆய்வாளர்கள் ஓட்டிசம் உள்ள 20 பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் மூன்று உதவிகளை ஒப்பிட்டார்கள்: வாசிக்கும் முன் கேள்வி கேட்பது, இடைவெளி நிரப்புவது, "அவன்", "அவள்" வரும் இடத்தில் நிறுத்தி யார் என்று தேட வைப்பது. கடைசியது மட்டும்தான் குறிப்பிடத்தக்க பலன் தந்தது. தமிழுக்கு இது இன்னும் பொருந்தும் என்று நினைக்கிறேன். நம் வாக்கியங்களில் பல நேரம் "அவள்" என்ற சொல்லே இருக்காது, ஆள் வினையின் வாலில் ஒளிந்திருப்பார். "போனார்" என்றால் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

போன வாரம் அந்தப் பையனிடம் இதைச் செய்து பார்த்தேன். "அம்மா பாட்டியிடம் பையைக் கொடுத்தார். பிறகு கடைக்குப் போனார்." முதல் வரியில் "கொடுத்தார்" என்பதற்கு மேல் பென்சிலால் "அம்மா" என்று எழுதிக் காட்டினேன். இரண்டாம் வரிக்கு வந்ததும் அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். முதல் வரிக்குத் திரும்பிப் போய் விரலை ஓட்டினான். என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, "போனார்" என்பதற்கு மேல் தானே எழுதினான்: அம்மா.